பழைய காரின் காற்று வடிகட்டியும் உங்கள் நுரையீரலும்

ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், மூக்கு ஒவ்வாமை ஆகியவற்றுக்காக எங்கள் பிரிவுக்கு வருபவர்களிடம் சில கேள்விகளை நாங்கள் தவறாமல் கேட்கிறோம். வீட்டில் யாரேனும் புகைபிடிக்கிறார்களா? சமையலுக்கு விறகா, எரிவாயுவா? படுக்கையறைச் சுவரில் ஈரம் இறங்குகிறதா? இவற்றோடு மற்றொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்கிறோம்: 'நீங்கள் வந்த காரின் ஏசி ஃபில்டரைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?'

இக்கேள்வி பலருக்கு வியப்பைத் தருகிறது. காரில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பவர் பலர். 'சர்வீஸ் விடும்போது ஏர் ஃபில்டர் மாற்றிவிடுவார்கள்' என்பவர்களும் உண்டு. அவர்கள் குறிப்பிடுவது பெரும்பாலும் எஞ்சினுக்குள் செல்லும் காற்றை வடிகட்டும் வேறொரு பாகத்தை. எஞ்சின் மூச்சுவிடும் காற்றுக்கு ஒரு வடிகட்டி. காருக்குள் அமர்ந்திருப்பவர் மூச்சுவிடும் காற்றுக்கு மற்றொரு வடிகட்டி. முன்னது மாற்றப்பட்டதால் பின்னதும் மாற்றப்பட்டது என்று பொருளாகாது. இக்கட்டுரை அந்த இரண்டாவது வடிகட்டியைப் பற்றியது. கேபின் ஃபில்டர் என்றும், பணிமனைகளில் ஏசி ஃபில்டர் என்றும் அதனை அழைப்பர்.

நோயாளிக்கு இது ஏன் முக்கியம்?

நலமாக உள்ள ஒருவருக்குப் பழைய வடிகட்டி சிறு தொல்லை மட்டுமே. சற்றே முடைநாற்றம் வரும், ஓரிரு முறை தும்மல் வரும். மூச்சுக்குழாய்கள் ஏற்கெனவே வீங்கிச் சுருங்கியிருக்கும் ஒருவருக்கோ அதே காற்று மூச்சிரைப்பைத் தூண்டக்கூடும். புற்றுநோய்க்கான மருந்து பெறுபவர்கள், உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்கள், நீண்ட காலம் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோருக்குப் பூஞ்சை வித்துகளே பெரிய கவலை. ஈரமான வடிகட்டியிலும் ஏசியின் குளிர்ச் சுருளிலும் பூஞ்சை வளர இடமுண்டு.

காருக்குள் இருக்கும் இடம் சிறியது. காற்றுத் துளையோ முகத்துக்கு நேராக, இரண்டடித் தொலைவில் உள்ளது. வீட்டில் ஒரு மூலையில் தூசு இருப்பதற்கும், விசிறி தூசியை நேராக முகத்தில் வீசுவதற்கும் உள்ள வேறுபாடு இது. வாரந்தோறும் வெளியூரிலிருந்து இரண்டு மூன்று மணி நேரம் பயணம் செய்து சிகிச்சைக்கு வருபவர் அந்த நேரம் முழுவதும் இக்காற்றையே சுவாசிக்கிறார்.

நாங்கள் சந்தேகம் கொள்ளும் அடையாளம் ஒன்று உண்டு. வீட்டில் நலமாக இருந்த குழந்தை காரில் ஏறி ஏசி போட்ட சில நிமிடங்களில் தும்மவோ இருமவோ தொடங்குகிறது. இறங்கிச் சற்று நேரம் வெளியில் நின்றதும் தணிகிறது. பேருந்திலோ இரயிலிலோ சென்றால் அவ்வாறு நேர்வதில்லை. இந்த ஒழுங்கு மீண்டும் மீண்டும் காணப்பட்டால் காரினைச் சோதிக்க வேண்டும். ஆயினும் குற்றம் எப்போதும் வடிகட்டியினுடையது அன்று. குளிர்ந்த காற்று நேராக முகத்தில் படுவதே சிலருக்கு மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்யும். கண்ணாடியில் தொங்கும் வாசனைப் புட்டி, டேஷ்போர்டில் ஏற்றும் ஊதுவத்தி, சாமி படத்துக்குச் சூட்டிய மல்லிகைச் சரம் ஆகியவையும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. முதலில் இவற்றை அகற்றிப் பார்ப்பதற்குச் செலவேதும் இல்லை.

வடிகட்டி எவ்வாறு வேலை செய்கிறது?

சல்லடையைப் போல, துளையைவிடப் பெரியதைத் தடுத்துச் சிறியதை விட்டுவிடும் பொருளாக வடிகட்டியைப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அது நெருக்கமாகப் பின்னிய இழைகளின் காடு. கனமான துகள்கள் காற்றோடு வளைந்து செல்ல முடியாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. நடுத்தரத் துகள்கள் இழையை உரசிச் செல்லும்போது பிடிபடுகின்றன. மிக நுண்ணிய துகள்கள் காற்று மூலக்கூறுகளால் இங்குமங்கும் தள்ளப்பட்டு அலைந்து இழையில் சிக்குகின்றன. இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையில், ஏறத்தாழ 0.3 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்களைப் பிடிப்பதே மிகக் கடினம். அதனால்தான் என் 95 முகக்கவசங்களை அந்த அளவையொட்டிய துகள்களைக் கொண்டு சோதிக்கின்றனர். பல வடிகட்டிகளின் இழைகளில் நிலைமின்னேற்றமும் உண்டு. துகள்களை ஈர்த்துப் பிடிக்க அது உதவுகிறது.

அளவுகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். மகரந்தத் துகள்கள் பெரும்பாலும் 10 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்டவை. சாலைப் புழுதியின் பெரும்பகுதியும் அவ்வாறே. நல்ல நிலையிலுள்ள எந்தக் கேபின் ஃபில்டரும் இவற்றைப் பெருமளவு தடுத்துவிடும். பூஞ்சை வித்துகள் பல 2 முதல் 10 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். டீசல் புகைக்கரியோ ஒரு மைக்ரோமீட்டருக்கும் மிகக் குறைவு. அதில் ஒரு பகுதியைத்தான் சாதாரண வடிகட்டி பிடிக்கும்.

2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவானதுமான துகள்களைப் பிஎம் 2.5 என்கிறோம். மூக்கும் தொண்டையும் தடுக்க முடியாத இவை நுரையீரலின் காற்றுப்பைகள் வரை செல்கின்றன. இவற்றின் 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. 2009இல் வகுக்கப்பட்ட இந்தியத் தரம் 60 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கிறது. நெரிசலான சாலையில், ஒரு லாரியின் புகைக்குழாய்க்குப் பின்னால் நிற்கும் காருக்குள் புகும் காற்று எவ்வாறிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கடையில் இருவகை வடிகட்டிகள் கிடைக்கின்றன. வெண்ணிறத்தில் இருப்பது தூசியை மட்டும் தடுக்கும். சாம்பல் அல்லது கருநிறத்தில் இருப்பதில் பெரும்பாலும் செறிவூட்டிய கரி சேர்க்கப்பட்டிருக்கும். அது நாற்றத்தையும் சில வாயுக்களையும் ஓரளவு உறிஞ்சும். புகை நெடியால் இருமல் வருபவர்களுக்கு இரண்டாவது வகை ஏற்றது. ஆயினும் கரி நிறைந்தபின் உறிஞ்சாது. பார்வைக்கு அது சுத்தமாகத் தெரிந்தாலும் காலம் முடிந்ததும் மாற்றியே ஆக வேண்டும்.

பழைய காரில் கவனிக்க வேண்டியவை

பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய காரில் முதல் கேள்வி, வடிகட்டி இருக்கிறதா என்பதே. அம்பாசிடர், மாருதி 800 போன்ற பழைய வண்டிகளில் கேபின் ஃபில்டர் கிடையாது. பிற்காலத்துச் சிறிய கார்கள் சிலவற்றில் அதற்கான இடம் இருக்கும், வடிகட்டி பொருத்தப்பட்டிராது. வாங்கிய நாள்முதல் அந்த இடம் வெறுமையாகவே இருந்திருக்கலாம். இரண்டாம் கையாக வாங்கிய காரில் முந்தைய உரிமையாளர் அடைத்துப்போன வடிகட்டியை எடுத்தெறிந்துவிட்டு அப்படியே மூடியிருக்கவும் கூடும். எனவே திறந்து பார்த்தல் முதற்படி.

பழைமையால் வரும் வேறு குறைகளும் உண்டு. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பரை ஒட்டியுள்ள துளைகள் வழியாகவே வெளிக்காற்று உள்ளே வருகிறது. வேப்பமரத்தடியிலோ புளியமரத்தடியிலோ வண்டியை நிறுத்தும் வழக்கம் இருந்தால், சருகுகள் அங்கே குவிந்து மழையில் நனைந்து மட்கும். கதவின் ரப்பர் பட்டைகள் காய்ந்து வெடித்திருந்தால் வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு புழுதி வேறு வழியாக நுழையும். உட்காற்றுச் சுழற்சிக்கு மாற்றினாலும், பழைய வண்டிகளில் உள்ளிருக்கும் தடுப்புப் பலகை முழுவதும் மூடாமல் இருக்கலாம்.

ஏசி ஓடும்போது காருக்கு அடியில் நீர் சொட்டுவது நல்ல அறிகுறி. குளிர்ச் சுருளில் படியும் நீர் அவ்வாறு வெளியேற வேண்டும். புழுக்கமான நாளிலும் நீர் சொட்டாமல், முன்னிருக்கைக்குக் கீழுள்ள விரிப்பு நனைந்திருந்தால் வடிகுழாய் அடைத்திருக்கலாம். அந்த ஈரத்தை நீக்காமல் புதிய வடிகட்டியை மட்டும் பொருத்துவதால் பயன் குறைவு. பூஞ்சை நாற்றம் சில வாரங்களில் திரும்ப வரும்.

எப்போது மாற்றுவது?

பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது 10,000 முதல் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என உற்பத்தியாளர்கள் குறிப்பிடுகின்றனர். உங்கள் காருக்கு உரிய அளவு அதன் கையேட்டில் இருக்கும். மண்சாலை, கல்குவாரி, செங்கல் சூளை, மேம்பாலப் பணி நடக்கும் சாலை ஆகியவற்றின் வழியே நாள்தோறும் செல்பவர்கள் அதில் பாதித் தொலைவிலேயே திறந்து பார்ப்பது நல்லது. வண்டி குறைவாக ஓடினாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுக. நின்ற இடத்திலேயே ஈரமும் பூஞ்சையும் சேரும்.

விசிறியின் வேகத்தைக் கூட்டியும் காற்று குறைவாக வருதல், ஏசி போட்ட முதல் நிமிடத்தில் நனைந்த துணியைப் போன்ற வாடை, மழைக்காலத்தில் முன்கண்ணாடியின் ஆவிப்படலம் எளிதில் விலகாமை ஆகியவை கெடு முடிந்ததற்கான அறிகுறிகள்.

மாற்றும் முறை

பெரும்பாலான கார்களில் இது பத்து நிமிட வேலை. வடிகட்டியின் விலையும் சாதாரணக் கார்களுக்குச் சில நூறு ரூபாய்தான். ஆனால் நோயாளியே இதைச் செய்யக் கூடாது. பல மாதங்களின் தூசியும் பூஞ்சையும் அப்போது கிளம்பும். வீட்டிலுள்ள வேறொருவர் என் 95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, திறந்த வெளியில், நோயாளியும் குழந்தைகளும் அருகில் இல்லாதபோது செய்ய வேண்டும்.

1. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுக. ஏசி விசிறியும் நின்றிருக்க வேண்டும்.

2. பல கார்களில் வடிகட்டி, முன்பயணியின் முழங்காலுக்கு எதிரே உள்ள கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். பெட்டியைக் காலி செய்து, அதன் இரு பக்கங்களையும் உட்புறமாக அழுத்தினால் கீழே சாயும். சில வண்டிகளில் வடிகட்டி வைப்பருக்குக் கீழும், சிலவற்றில் டேஷ்போர்டின் அடியிலும் இருக்கும். கையேட்டைப் பார்த்துக்கொள்க, பழைய பிளாஸ்டிக் எளிதில் உடையும், வலிந்து இழுக்க வேண்டாம்.

3. நீள்சதுர மூடியின் கொக்கிகளை விடுவித்து, பழைய வடிகட்டியைச் சாய்க்காமல் மெல்ல வெளியே இழுக்கவும். அதன்மேல் அம்புக்குறி எந்தத் திசையை நோக்கி இருந்தது என்று பார்த்துக்கொள்ளவும். உடனே பையிலிட்டுக் கட்டிவிடவும். தட்டவோ உதறவோ வேண்டாம்.

4. உள்ளிருக்கும் சருகுகளை அகற்றி ஈரத்துணியால் துடைக்கவும். எலிப் புழுக்கையோ கூடோ தென்பட்டால் உலர்ந்த நிலையில் பெருக்கக் கூடாது. கிருமிநாசினிக் கரைசலால் நன்கு நனைத்துச் சில நிமிடங்கள் விட்டு, கையுறையுடன் துடைத்தெடுக்க வேண்டும். எலியின் கழிவுகள் வழியே லெப்டோஸ்பைரா போன்ற தொற்றுகள் பரவக்கூடும்.

5. புதிய வடிகட்டியின் அம்புக்குறி காற்று செல்லும் திசையை நோக்குமாறு நுழைக்கவும். விளிம்புகளில் இடைவெளி இருக்கலாகாது. எவ்வளவு உயர்ந்த வடிகட்டியாயினும், அளவு பொருந்தாவிட்டால் காற்று ஓரமாகவே புகுந்துவிடும்.

6. மூடியபின், கதவுகள் திறந்திருக்க, விசிறியை முழு வேகத்தில் ஐந்து நிமிடம் ஓடவிடவும். நோயாளி அதன்பின் ஏறட்டும்.

பணிமனையில் கொடுத்து மாற்றினால், பழைய வடிகட்டியைக் காட்டுமாறு கேளுங்கள். காற்றழுத்தக் குழாயால் ஊதித் துடைத்து, அதையே மீண்டும் பொருத்தும் வழக்கம் பரவலாக உள்ளது. ஊதும்போது மேலே படிந்த பெரிய தூசு பறந்துவிடும். இழைகளுக்குள் சிக்கிய நுண்துகள்கள் போகா. இழைகளும் கிழியலாம். நீரில் கழுவினால் காகித வகை வடிகட்டி உருக்குலையும், நிலைமின்னேற்றமும் போய்விடும். கழுவிப் பயன்படுத்தலாம் என்று உற்பத்தியாளரே குறிப்பிட்டிருந்தாலொழியக் கழுவ வேண்டாம்.

வடிகட்டிக்கு இடமே இல்லாத காராயின், காற்றுத் துளைகளின்மேல் துணியையோ பஞ்சையோ கட்ட வேண்டாம். காற்றோட்டம் குறைந்து விசிறி மோட்டாருக்குச் சுமை கூடும். தூசியும் பெரிதாகக் குறையாது. நெரிசலில் கண்ணாடிகளை ஏற்றி உட்காற்றுச் சுழற்சிக்கு மாற்றுவதும், நோயாளி முகக்கவசம் அணிவதும் அதைவிடப் பயன் தரும்.

வடிகட்டியால் இயலாதவை

புதிய வடிகட்டி பொருத்தியாயிற்று என்ற நிம்மதியில் மறந்துவிடக் கூடாதவை சில உண்டு.

முதலாவது கார்பன் மோனாக்சைடு. இவ்வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. கரி சேர்த்த வடிகட்டி உட்பட எந்தக் கேபின் ஃபில்டரும் இதனைத் தடுக்காது. பழைய காரில் புகைக்குழாய் துருப்பிடித்துத் துளை விழுந்திருந்தால் இது உள்ளே கசியலாம். பயணத்தில் ஒரே நேரத்தில் பலருக்கும் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் ஏற்பட்டால் உடனே வண்டியை நிறுத்தி அனைவரும் வெளியே வந்துவிடுங்கள். அறிகுறிகள் இருப்பவரை மருத்துவமனைக்கு வேறு வண்டியில் அழைத்துச் செல்லுங்கள். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டு உள்ளே உறங்குவது உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது, நாம் வெளிவிடும் மூச்சு. உட்காற்றுச் சுழற்சியிலேயே நால்வர் நெடுநேரம் சென்றால் உள்ளே கார்பன் டைஆக்சைடு பெருகும். ஓட்டுநருக்குச் சோர்வும் தூக்கமும் வரும். நெரிசலைக் கடந்ததும் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். நீண்ட பயணத்தில் இடையிடையே சில நிமிடங்கள் கண்ணாடியை இறக்குங்கள்.

மூன்றாவது தொற்று. நுரையீரல் காசநோய்க்குச் சிகிச்சை தொடங்கிய தொடக்க வாரங்களில் உள்ள ஒருவரை அழைத்து வரும்போது கேபின் ஃபில்டரை நம்பி ஏசி போட வேண்டாம். கண்ணாடிகளை இறக்கி விடுங்கள். நோயாளி முகக்கவசம் அணியட்டும். இங்கே காக்கும் பொருள் காற்றோட்டமே.

நான்காவது போகிப் புகையும் தீபாவளிப் புகையும். போகியன்று சென்னையில் விமானங்களே தாமதமாகும் அளவுக்குப் புகை மூடிய ஆண்டுகள் உண்டு. அத்தகைய காலையில் எந்த வடிகட்டியும் போதாது. அவசரமற்ற மருத்துவமனை வருகையை நண்பகலுக்கோ மறுநாளுக்கோ மாற்றிக்கொள்ள முடியுமா என்று எங்கள் பிரிவுக்குத் தொலைபேசியில் கேளுங்கள்.

அன்றாடம் கடைப்பிடிக்க

வெயிலில் நின்ற காரின் கதவுகளைத் திறந்து, விசிறியை ஓரிரு நிமிடங்கள் ஓடவிட்ட பின்னரே நோயாளியை ஏற்றுங்கள். குளிர்காற்றை முகத்துக்கு நேராகத் திருப்பாமல் மேற்புறமாகத் திருப்புங்கள். சேருமிடம் வருவதற்குச் சில நிமிடங்கள் முன்பே ஏசியை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிட்டால் குளிர்ச் சுருள் உலரும், பூஞ்சை குறையும்.

இன்ஹேலரை எப்போதும் கையில் வைத்திருங்கள். நிறுத்திய காரில் விட்டுச் செல்லாதீர்கள். வெயிலில் காருக்குள் ஏறும் வெப்பம் மருந்தைக் கெடுக்கும். அழுத்தத்தில் உள்ள குப்பி வெடிக்கவும் கூடும். ஆக்சிஜன் சிலிண்டருடன் பயணம் செய்பவர்கள் அதனை உருளாதவாறு கட்டி வைத்து, கண்ணாடியைச் சற்றே இறக்கி விடுங்கள். அந்த வண்டிக்குள் பீடி, சிகரெட், ஊதுவத்தி, கற்பூரம் எதுவும் கூடாது.

வடிகட்டியை மாற்றியபின் காரில் மட்டும் வந்த இருமல் நின்றுவிட்டால் மகிழ்ச்சி. ஆயினும் அதைக் கொண்டு மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். அடுத்த வருகையில் எங்களிடம் சொல்லுங்கள். மூச்சுத்திறன் சோதனை செய்து நாங்கள் முடிவு செய்வோம். வடிகட்டி மாற்றியும் இருமல் தொடர்ந்தால் அதையும் சொல்லுங்கள். காரணம் வேறாக இருக்கலாம்.

பயணத்தின்போது நோயாளியால் ஒரு முழு வாக்கியத்தைப் பேச முடியவில்லை, உதடு நீலம் பூக்கிறது, விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்குகிறது, இன்ஹேலர் எடுத்தும் தணியவில்லை என்றால் வண்டியைப் பற்றி ஆராயும் நேரம் அதுவன்று. அவரை நிமிர்ந்து உட்கார வைத்து, அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அல்லது 108ஐ அழையுங்கள்.